வீட்டு வழிபாட்டில் அம்மன் திருவுருவம்

முன்னுரை

காவிரி நாட்டில் கோயில் இல்லாத ஊரைக் காண்பது அரிது. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளால் பெயர் பெற்ற திருவையாற்றில் ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கோயில் கொண்டுள்ளனர். ஆயினும் இவ்வூர் மக்கள் வழிபாட்டைக் கோயில் மதிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அக்கிரகாரத்து வீட்டிலும் வேளாளர் வீட்டிலும் கைவினைஞர் வீட்டிலும் கூடத்து மாடத்திலோ பூசை அறையிலோ ஓர் அம்மன் இருப்பாள். அவள் செம்பில் வார்த்த படிமமாக இருக்கலாம்; பொன்தகடு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியமாக இருக்கலாம்; மஞ்சள் பூசிய செம்புக் குடமாகவும் இருக்கலாம்.

இவ்வழக்கம் பற்றிச் சில வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. அம்மன் திருவுருவத்தை வீட்டில் வைத்து வழிபடலாமா? எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? ஒருநாள் பூசை தவறினால் குற்றமா? உருவம் உடைந்தால் என் செய்வது? அண்ணன் தம்பி பிரிந்தால் அம்மன் யார் வீட்டிற்கு? வயலில் உழும்போது கிடைத்த படிமத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? இவற்றுக்கு அச்சத்தால் சொல்லப்படும் விடைகளே நாட்டில் மிகுதி. நூல், வரலாறு, சட்டம் என்னும் மூன்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைப் பூசை

சைவ ஆகமங்கள் பூசையை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இரண்டாகப் பகுக்கின்றன. ஒருவன் தன் உயிர் நலம் கருதித் தன் இல்லத்தில் செய்வது ஆன்மார்த்தம். ஊரும் நாடும் நலம் பெறும்பொருட்டுக் கோயிலில் செய்யப்படுவது பரார்த்தம். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்று மற்றதன் சுருக்கமும் அன்று. கோயிற் பூசைக்குக் காலம், முறை, பணியாளர், மானியம் அனைத்தும் வேண்டும். வீட்டுப் பூசைக்கு வேண்டுவது தூய்மையும் தொடர்ச்சியுமே. கோயிலில் பதினாறு உபசாரங்கள் விரிவாக நடைபெறும். இல்லத்திலோ சந்தனம், மலர், தூபம், தீபம், நைவேத்தியம் என்னும் ஐந்து உபசாரங்களே போதும் என்பது பொது வழக்கு.

இப்பாகுபாட்டை மறந்ததாலேயே, "கோயில் முறைகளை வீட்டில் செய்ய இயலாது, ஆகவே வீட்டில் அம்மன் கூடாது" என்ற கருத்துப் பரவியது எனலாம். கோயிலுக்குரிய கடமையை வீட்டின் தலையில் ஏற்றினால் அச்சம் பிறப்பது இயல்பே. ஆன்மார்த்த பூசைக்கு அதற்கேற்ற அளவும் எளிமையும் உண்டு என அறிந்தவர்க்கு அவ்வச்சம் இல்லை.

சாண் அளவு

வீட்டுப் படிமத்தின் உயரம் பற்றி மச்ச புராணம் ஒரு தெளிவான வரையறை தருகிறது. பெருவிரலின் ஒரு கணு அளவு தொடங்கி ஒரு சாண் அளவு வரை உள்ள உருவங்களே இல்லத்திற்கு ஏற்றவை. அதனினும் பெரியவற்றை அறிந்தோர் போற்றுவதில்லை என்பது அதன் கருத்து. ஒரு சாண் என்பது 12 விரல். "மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது" என்று நம் மக்கள் வழங்கும் பழமொழியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இவ்வரையறையில் நடைமுறை அறிவு அடங்கியுள்ளது. படிமம் பெரிதாகப் பெரிதாக நீராட்டு, ஆடை, மாலை, படையல் எல்லாம் பெரிதாகும். உலோகத்தின் எடை கூடினால் ஒருவர் தனியே தூக்கித் துலக்கவும் இயலாது. சாண் அளவுக்கு உட்பட்ட உருவத்தை வீட்டிலுள்ள முதியவளும் ஒரு கையால் எடுத்து, புளியிட்டுத் துலக்கி, பொட்டிட்டு, மீண்டும் பீடத்தில் அமர்த்திவிடலாம். வழிபாடு தலைமுறை கடந்து நிற்க வேண்டுமாயின் அது வீட்டாரின் வலிமைக்குள் அடங்க வேண்டும்.

ஒரு வீட்டில் மூன்று சக்தி உருவங்களை வைத்து அருச்சித்தல் கூடாது என்று பூசை முறை கூறும் தொகுப்புகள் சில விதிக்கின்றன. அவ்வாறாயின் நவராத்திரிக் கொலுவில் எத்தனை அம்மன்கள் படியேறுகின்றனர் என்று கேட்கலாம். கொலுவில் இருப்பவை காட்சிக்குரிய பொம்மைகள். அவற்றுக்கு நாள்தோறும் பூசை இல்லை. பூசைக்குரிய உருவங்களைப் பெருக்கிப் பணியைக் குறைத்துவிடாதே என்பதே அவ்விதியின் உட்கருத்தாகக் கொள்ளலாம்.

படிமம் பிறக்கும் முறை

திருவையாற்றிலிருந்து காவிரியை ஒட்டிக் கும்பகோணம் செல்லும் சாலையில் உள்ளது சுவாமிமலை. இங்குள்ள ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பு முறையில் படிமம் செய்யும் தொழிலை இன்றும் நடத்தி வருகின்றனர். வீட்டில் ஓர் அம்மனை வைக்க விரும்புவோர் அவள் எவ்வாறு உருவாகிறாள் என்பதை அறிந்திருத்தல் நலம்.

முதலில் தென்னை ஓலை நறுக்கு ஒன்றைப் படிமத்தின் உயரத்திற்கு வெட்டி, அதனை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, இடை, தொடை, கால் ஆகியவற்றின் அளவுகளைக் குறிப்பர். பின்னர் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகால் உருவத்தைச் செய்வர். மெழுகு உருவத்தின்மேல் காவிரியின் மென்மையான வண்டல் மண்ணை முதற்பூச்சாக இடுவர். இம்மண் மிக நுண்ணியது. ஆதலின் மெழுகில் கீறிய வளையலும் பூணூலும் சேலை மடிப்பும் அப்படியே மண்ணில் பதியும். அதன்மேல் பருமண் பூசி, கம்பி கட்டி உலர்த்துவர். அச்சினைச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். மெழுகின் எடையைப் போல எட்டு முதல் பத்து மடங்கு வரை உலோகம் தேவைப்படும். ஐம்பொன் என்று பெயர் பெற்றாலும் அதன் பெரும்பகுதி செம்பே. பித்தளையும் ஈயமும் ஓரளவு சேரும். பொன்னும் வெள்ளியும் மிகச் சிறிதளவே இடப்படும்.

அச்சை உடைத்தால்தான் படிமம் வெளிப்படும். எனவே ஓர் அச்சில் ஓர் உருவமே பிறக்கும். இம்முறையில் வார்த்த எந்த இரண்டு படிமங்களும் ஒன்றுபோல் இரா. பின்பு உளியால் செதுக்கி, அரத்தால் தேய்த்து மெருகேற்றி, இறுதியில் கண் திறப்பர். இவ்விறுதிச் செயலே படிமத்தைக் கைவினைப் பொருள் என்னும் நிலையிலிருந்து வழிபாட்டுக்குரிய திருவுருவமாக உயர்த்துகிறது. சுவாமிமலைப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது.

உருவின்றியும் ஓவியத்திலும்

உலோகப் படிமம் வாங்க இயலாத வீடுகளில் அம்மன் இல்லாமற் போனாள் என்பதற்கில்லை. ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் பெண்கள் காவிரியையே அம்மனாகக் கொண்டு மஞ்சள், காதோலை, கருகமணி, காப்பரிசி ஆகியவற்றைப் படைக்கின்றனர். வரலட்சுமி நோன்பில் கலசத்தில் தேங்காயை வைத்து அதன்மேல் வெள்ளி முகத்தைச் சார்த்தினால் இலக்குமி வந்தமர்கிறாள். மறுநாள் அரிசிப் பானைக்குள் அவளை வழியனுப்பி விடுகின்றனர். சரசுவதி பூசையன்று அடுக்கி வைத்த ஏடுகளே கலைமகள். குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக எண்ணி, அவள் பெயரால் புதுச்சேலை எடுத்து வைத்துப் படைக்கும் வழக்கமும் தமிழகத்தில் பரவலாக உண்டு.

தஞ்சையில் வளர்ந்த ஓவிய முறை வேறொரு வழியைத் திறந்தது. பலகையில் துணி ஒட்டி, சுதை பூசி, அதன்மேல் பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த அம்மன் ஓவியங்கள் செல்வர் வீட்டுக் கூடங்களை அணிசெய்தன. எளியோர் வீட்டிற்கு அம்மனைக் கொண்டுவந்தது அச்சுப் பொறியே. 1894ஆம் ஆண்டு பம்பாயில் இரவிவர்மா நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த இலக்குமி, சரசுவதி வண்ணப் படங்கள் நாடெங்கும் பரவின. பிற்காலத்தில் சிவகாசி நாட்காட்டிகள் அப்பணியைத் தொடர்ந்தன. சில காசுகளில் கிடைத்த காகிதப் படத்திற்கும் அதே சந்தனமும் குங்குமமும் சார்த்தப்பட்டன. பூசையின் மதிப்பு பொருளின் விலையில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பங்காரு காமாட்சியின் பயணம்

வீட்டாரின் பொறுப்பில் அம்மன் திருவுருவம் தங்கினால் என்ன நிகழும் என்பதற்குத் தஞ்சை மண்ணிலேயே ஒரு பெரும் எடுத்துக்காட்டு உள்ளது. அது தஞ்சை மேல வீதியில் எழுந்தருளியுள்ள பங்காரு காமாட்சியின் வரலாறு. பங்காரு என்பது பொன்னைக் குறிக்கும் தெலுங்குச் சொல்.

இப்பொற்படிமம் முதலில் காஞ்சி காமாட்சியம்மன் கோயிலுக்கு உரியது. போர்க் குழப்பங்களால் காஞ்சியில் பாதுகாப்பில்லை என்ற நிலை தோன்றியபோது பூசகர்கள் இதனை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டனர் என்பது மரபு. செஞ்சி, உடையார்பாளையம் முதலிய இடங்களில் தங்கித் தங்கி, இறுதியில் திருவாரூர் வந்தடைந்தனர். காஞ்சி வரதராசப் பெருமாளின் உற்சவத் திருவுருவமும் இவ்வாறே உடையார்பாளையத்தில் புகலடைந்து, 1710ஆம் ஆண்டில் காஞ்சிக்குத் திரும்பியது. அதனைக் கூறும் கல்வெட்டு அக்கோயிலில் உள்ளது. காமாட்சியோ திரும்பவில்லை.

இப்பயணக் காலத்தில் அவளுக்கெனக் கோபுரமும் இல்லை, மதிலும் இல்லை, மானிய நிலமும் இல்லை. பூசகர் குடும்பமே அவளுக்குக் கோயிலாயிற்று. தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என அப்பணி கைமாறியது. பொன்னை உருக்கிப் பங்கிட்டிருந்தால் அக்குடும்பம் வறுமை அறியாது வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்யாது ஊர் ஊராகச் சுமந்தனர் என்பதிலேதான் இவ்வரலாற்றின் சிறப்பு அடங்கியுள்ளது.

திருவாரூரில் இக்குடும்பத்தைச் சேர்ந்த விசுவநாதையருக்கு 1762ஆம் ஆண்டில் ஒரு மகன் பிறந்தார். வேங்கட சுப்பிரமணியன் என்பது அவரது இயற்பெயர். சியாம கிருஷ்ணன் என்பது வீட்டில் செல்லமாக அழைத்த பெயர். அவரே பின்னாளில் கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவராக விளங்கிய சியாமா சாஸ்திரிகள். 1781ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை தஞ்சை நாட்டுக்குள் புகுந்தபோது, காமாட்சியைத் திருவாரூரிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்தனர். மராட்டிய மன்னர் துளஜா காலத்தில் அவளுக்குத் தனிக் கோயிலும் அர்ச்சகர் குடும்பத்திற்கு ஆதரவும் கிடைத்தன. தந்தைக்குப் பின் சியாமா சாஸ்திரிகள் அப்பூசையை ஏற்று, 1827இல் மறையும் வரை செய்துவந்தார். பைரவி, யதுகுல காம்போதி, தோடி ஆகிய இராகங்களில் அமைந்த அவருடைய மூன்று சுரசதிகளும் காமாட்சியை முன்னிட்டே பிறந்தன. அவருடைய மகன் சுப்பராய சாஸ்திரிகளும் புகழ்பெற்ற சாகித்திய கர்த்தா ஆவார்.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. அம்மனை வைத்திருப்பது சொத்து வைத்திருப்பதன்று, பணி வைத்திருப்பதாகும். அப்பணி தொடர்ந்ததால் ஒரு படிமம் காப்பாற்றப்பட்டது. அத்துடன் நாட்டிற்கு ஓர் இசைச் செல்வமும் கிடைத்தது.

காஞ்சி காமாட்சி இருநாழி நெல்கொண்டு முப்பத்திரண்டு அறங்களையும் வளர்த்தாள் என்பர். திருவையாற்று அம்மைக்கும் இதே வரலாற்றைக் கூறுவர். அறம்வளர்த்த நாயகி என்னும் பெயரே அதற்குச் சான்று. அடுப்பங்கரையில் அளக்கும் நெல்லையும் ஊருக்குச் செய்யும் அறத்தையும் இணைத்த இவ்வம்மையை இல்லத்தரசியர் தம் வீட்டுக்குரியவளாகவே கருதியதில் வியப்பில்லை.

படிமமும் பாகப்பிரிவினையும்

சியாமா சாஸ்திரிகளின் காலத்தவரான தியாகராசர் (1767–1847) திருவையாற்றுத் திருமஞ்சன வீதியில் வாழ்ந்தவர். அவர் வழிபட்டது இராமர் திருவுருவம் எனினும், வீட்டுப் படிமம் பற்றிய ஆய்வில் அவரை விட்டுவிட இயலாது. அவர் அரசவையை நாடிப் பொருள் ஈட்ட மறுத்தமையால் சினந்த தமையனார், பூசைப் படிமங்களைக் காவிரியில் எறிந்தார் என்றும், தியாகராசர் தேடி அலைந்து மீண்டும் அவற்றைப் பெற்றார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் குறிப்பிடுகின்றனர். அவரே அறம்வளர்த்த நாயகி மீதும் கீர்த்தனைகள் இயற்றியுள்ளார்.

இக்கதை ஒரு மெய்ம்மையை உணர்த்துகிறது. குடும்பம் பிரியும்போது நிலத்தை அளந்து பிரிக்கலாம். பாத்திரத்தை எண்ணிப் பிரிக்கலாம். அம்மனை எவ்வாறு பிரிப்பது? தஞ்சைப் பகுதியில் மூத்த மகன் வீட்டில் படிமம் தங்குவதும், ஆண்டுக்கொருவர் முறைவைத்துப் பூசை செய்வதும் வழக்கமாக உள்ளன. ஒற்றுமை நிலவும்வரை இடையூறு இல்லை. ஒற்றுமை குலைந்தால் அம்மன் நீதிமன்றம் ஏறுகிறாள்.

இத்தகைய வழக்கொன்று கல்கத்தாவில் எழுந்து, இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று 1925ஆம் ஆண்டில் முடிவுற்றது. மல்லிக் குடும்பத்தின் குலதெய்வத் திருவுருவத்தை, பூசை முறை பெற்றவர் தம் விருப்பப்படி தம் வீட்டிற்கு எடுத்துச் செல்லலாமா என்பதே வினா. குடும்பத் தெய்வம் வெறும் அசையும் பொருளன்று. இருப்பிடம் பற்றி அத்தெய்வத்தின் விருப்பமும் மதிக்கப்பட வேண்டும். அதனை எடுத்துரைக்க நடுநிலையான ஒருவர் தெய்வத்தின் சார்பில் அமர்த்தப்பட வேண்டும் என்று பிரிவி கவுன்சில் கூறியது. வழிபடும் குடும்பப் பெண்டிரின் உரிமையும் அங்கே கருதப்பட்டது. சொத்து எழுதிவைத்து முறையாக நிறுவப்பட்ட குலதெய்வத்திற்கு இத்தீர்ப்புப் பொருந்துமேயன்றி, கடையில் வாங்கி மாடத்தில் வைத்த ஒவ்வோர் உருவத்திற்கும் பொருந்தாது. எனினும் அதன் கருத்து எல்லா வீடுகளுக்கும் ஏற்றதே. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போதே படிமம் எவரிடம் இருக்கும், மற்றவர் எந்நாட்களில் வந்து வழிபடுவர் என்று எழுதிவிடுதல் பிற்காலப் பகையைத் தடுக்கும்.

மண்ணுக்குள் கிடைத்த அம்மன்

காவிரிப் படுகையில் உழும்போதும் கிணறு, குளம், அடித்தளம் தோண்டும்போதும் செப்புத் திருமேனிகள் கிடைப்பதுண்டு. படையெடுப்புகளின்போது கோயிலார் திருமேனிகளை மண்ணில் புதைத்து மறைத்தனர். மறைத்தவர் மறைந்தபின் இடமும் மறக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் கிடைத்த சோழர் காலப் படிமங்கள் இவ்வாறு வெளிப்பட்டவையே. அவற்றுள் 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த இடபவாகன தேவரும், அடுத்த ஆண்டில் அவருக்குத் துணையாக எழுந்தருளுவிக்கப்பட்ட தேவியும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளனர்.

வயலில் அம்மன் கிடைத்தால், "தானே தேடி வந்த தெய்வம்" என்று மகிழ்ந்து வீட்டில் வைத்து விளக்கேற்ற எண்ணுவது இயற்கை. அந்த நல்லெண்ணமே குற்றமாக முடியக்கூடும் என்பதைப் பலர் அறியார். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். எப்பொருள், எங்கு, எந்நாளில் கிடைத்தது என்பவற்றையும் குறிப்பிட வேண்டும். தெரிவித்தவருக்குச் சட்டப்படி உரிய பங்கு உண்டு. மறைத்தவர் அப்பங்கை இழப்பதோடு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் உள்ளாகலாம். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ உடனே கூறினால், அவர்கள் மேற்கொண்டு ஆவன செய்வர்.

மறைப்பதால் நேரும் கேட்டிற்குப் பத்தூர் நடராசர் வரலாறு சான்றாகும். 1976ஆம் ஆண்டில் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டும்போது அத்திருமேனி கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி இலண்டன் சென்றது. அங்கே தொடுக்கப்பட்ட வழக்கில் 1988இல் இந்தியத் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. சிதைந்து கிடந்த ஒரு சோழர் காலக் கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது இவ்வழக்கின் சிறப்பு. கண்டெடுத்த ஏழைக்குக் கிடைத்ததோ அத்திருமேனியின் மதிப்பில் ஒரு துளியும் ஆகாது.

பழமையும் பதிவும்

மண்ணில் கிடைத்ததன்று, பாட்டன் காலம் முதல் வீட்டிலேயே உள்ளது என்றால்? அதற்கும் ஒரு முறை உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய உலோகச் சிற்பங்களை வைத்திருப்போர் பதிவு அலுவலரிடம் பதிந்து சான்று பெறுதல் வேண்டும். அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் கூடாது. பதிவு செய்தால் அரசு படிமத்தைப் பறித்துக்கொள்ளும் என்பது வீண் அச்சம். நேர்மையான உரிமையாளருக்குப் பதிவுச் சான்றே பாதுகாப்பு.

இப்பாதுகாப்பு ஏன் வேண்டும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. கொள்ளிடத்திற்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் உள்ள சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருமேனிகள் களவு போயின. அவற்றுள் நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் காணப்பட்டு 2014இல் திரும்பினார். உமாபரமேசுவரியைச் சிங்கப்பூர் அருங்காட்சியகம் ஒன்று 2007இல் விலைக்கு வாங்கியிருந்தது. 2015இல் இந்தியாவிடம் ஒப்படைக்க இசைந்தது. இத்தகைய குற்றங்களை ஆராயவே தமிழகக் காவல்துறையில் 1983இல் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. களவுபோன திருமேனிகளை இனங்காணப் பெரிதும் உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல்லாண்டுகளுக்கு முன் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்த ஒளிப்படங்களாகும். படம் இருந்த திருமேனி மீண்டது. படம் இல்லாதது எங்குள்ளதென எவரும் சொல்ல இயலவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்நெறியை உணர்ந்தவர் நம் முன்னோர். முதல் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளை அக்கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. அடி முதல் முடி வரை எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை உயரம், எத்தனை திருக்கை, கனமாக வார்த்ததா, உள்ளே பொள்ளலாக வார்த்ததா, பீடம் எத்தகையது, அளித்தவர் யார் என்பன எல்லாம் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இராசராசனின் தமக்கை குந்தவையார் ஆடவல்லாருக்குத் துணையாக எழுந்தருளுவித்த உமாபரமேசுவரியும் அவற்றுள் இடம்பெறுகிறாள். அப்படிமங்களுள் மிகப் பல இன்று இல்லை. ஆயினும் அவை இருந்தன என்பதையும் எவ்வாறு இருந்தன என்பதையும் கல் சொல்கிறது.

இம்முறையை ஒவ்வொரு வீடும் பின்பற்றலாம். அரசனுக்குக் கல்வெட்டு, நமக்கு ஒரு தாளும் ஓர் ஒளிப்படமும் போதும். படிமத்தின் உயரம், எடை, கைகளின் எண்ணிக்கை, கைப்பொருள்கள், பீடத்தின் அமைப்பு, தழும்பு அல்லது பழுது, யாரிடமிருந்து எவ்வாறு வந்தது ஆகியவற்றை எழுதி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வைத்தல் வேண்டும். புதிதாக வாங்கியதாயின் ஸ்தபதி தந்த இரசீதையும் உடன்வைத்தல் நலம். கிராமங்களில் முதியவர் மறைய, மக்கள் நகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ, பூட்டிய வீடுகளின் பூசைப் பொருள்கள் பழைய பித்தளை வாங்குவோரிடம் நிறுவைக்குப் போகும் நிலை இன்று பெருகியுள்ளது. எது பாட்டி பூசித்த அம்மன், எது வெறும் பித்தளை என்று சொல்ல ஒரு தாள் இருந்தால் அந்த இழிநிலை நேராது.

பேணும் முறை

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். புளியிட்டுத் துலக்கும்போது மென்மையாகச் செய்ய வேண்டும். நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் இரண்டு மூன்று தலைமுறைகளில் மூக்கும் உதடும் மழுங்கிவிடும். நூறாண்டு கடந்த படிமத்தின்மேல் படிந்துள்ள பச்சை நிறப் படலத்தை அமிலங்களால் நீக்கக் கூடாது. அருங்காட்சியக வல்லுநரின் அறிவுரையைக் கேட்டல் நலம். பால், தயிர் முதலியவற்றால் நீராட்டியபின் நன்னீரால் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

பழுது ஏற்பட்டால் அதன் அளவை நோக்க வேண்டும். அணிகலன், பீடத்தின் விளிம்பு முதலியன சிதைந்தால் ஸ்தபதியைக் கொண்டு சீர்செய்து வழிபடலாம். தலை, கை, கால் போன்ற பேருறுப்புகள் போயின் அதனை வழிபாட்டிலிருந்து நீக்கி நீர்நிலையில் சேர்ப்பது பழைய வழக்கு. ஆனால் பழமையான படிமமாயின் ஆற்றில் இடுதல் தகாது. அருங்காட்சியகத்திற்குத் தெரிவிப்பதே தக்கது. ஊருக்குச் செல்லும் நாட்களில் பூசை தவறுமே என்ற கவலைக்கும் நம் முன்னோர் வழி கண்டுள்ளனர். உறவினர் வீட்டிலோ அயலார் வீட்டிலோ அம்மனை ஒப்படைத்துச் செல்வது வழக்கம். பங்காரு காமாட்சியையே ஊர் ஊராக ஒப்படைத்துக் காத்த நாடு இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், அம்மன் திருவுருவத்தை வீட்டில் வைத்து வழிபடுவதற்கு நூலின் தடை இல்லை என்பதும், அளவும் எளிமையும் வேண்டும் என்பதும் விளங்கும். அம்மன் சினப்பாள் என அஞ்சுவதினும், அவளை ஏற்றபின் கைவிடுவோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதே முறை. நாள்தோறும் ஒரு மலரும் ஒரு விளக்கும் தர இயன்றவர் சாண் அளவு அம்மனை ஏற்கலாம். இயலாதவர்க்குப் படமும் குடமும் ஏடும் காவிரியும் உள்ளன.

மண்ணில் கிடைத்தவளை ஊருக்கு அறிவித்தலும், மரபில் வந்தவளைப் பதிவு செய்தலும், உடன்பிறந்தார் பிரியும்போது அவளை முன்னிட்டுப் பகை கொள்ளாமையும் வழிபாட்டின் பகுதிகளே. மாணவ நண்பர்கள் அடுத்த விடுமுறையில் ஊர் சென்றதும் தத்தம் வீட்டுப் பூசை மாடத்தில் உள்ள உருவத்தை ஒரு முழக்கயிற்றால் அளந்து, அதன் வரலாற்றைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வைப்பார்களாயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.